கட்டடக்கலை வேலைக்கான விண்ணப்ப ஆவணங்களைத் தயார் நிலையில் வைத்திருப்பது எப்படி?

கட்டடக்கலை அலுவலகங்கள் விண்ணப்பிப்பவரிடம் தன்விவரக் குறிப்பை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பு, அதிலிருந்து நான்கைந்து பக்கங்களை மட்டும் எடுத்துக் கோத்த மாதிரித் தாள்கள், விண்ணப்பக் கடிதம், பதிவுச் சான்றுகள், பரிந்துரையாளர் விவரம் ஆகியவற்றையும் எதிர்பார்க்கின்றன. தன்விவரக் குறிப்பை ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம். போர்ட்ஃபோலியோவை அப்படி முடிக்க இயலாது. அதற்கு வேண்டிய வரைபடங்கள் அலுவலகத்தின் சர்வரில் கிடக்கும், விலகும் நாளோடு அவற்றைத் திறக்கும் அனுமதியும் போய்விடும். மாணவப் பருவத்தில் வரைந்தவை மென்பொருளின் காலாவதியான கல்வி உரிமத்தில் சிக்கியிருக்கும். கட்டுமானத் தளத்தில் நாம் சரிபார்த்த கம்பிக்கட்டு எப்போதோ கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும். எனவே இந்த ஆவணங்களைப் புதுப்பிப்பதற்குரிய காலத்தை வேலை தேடும் நாளோடு பிணைக்காமல், கையிலிருக்கும் திட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் நாளோடு பிணைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

கட்டம் முடியும்போது சேகரித்தல்

ஒவ்வொரு கட்டடமும் அறியப்பட்ட சில கட்டங்களைக் கடந்தே எழுகிறது. பிரிட்டனின் கட்டடக் கலைஞர்கள் அமைப்பான ரீபா வெளியிட்டுள்ள பணித்திட்டம் அவற்றை 0 முதல் 7 வரை எண்ணிட்டு எட்டாகப் பிரிக்கிறது. அமெரிக்க வழக்கில் முன்வடிவமைப்பு, வடிவமைப்பு விரிவாக்கம், கட்டுமான ஆவணங்கள், ஒப்பந்தப்புள்ளி, கட்டுமான மேற்பார்வை என ஐந்தாகச் சொல்வார்கள். உங்கள் அலுவலகம் எந்தப் பெயரில் அழைத்தாலும், வரைபடத் தொகுதி ஒன்று வெளியே அனுப்பப்படும் நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த வாரத்திலேயே அரைமணி நேரம் ஒதுக்கி, நீங்கள் பங்காற்றிய வரைபடங்களை அடையாளம் கண்டு, அனுமதி பெற்று, பிடிஎஃப் வடிவில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அனுமதி என்ற சொல்லுக்குக் கீழே தனியாக வருகிறேன்.

வரைபடத்தோடு சேர்த்து ஒரு திட்டக் குறிப்பையும் எழுத வேண்டும். கட்டடத்தின் வகை, மொத்தத் தளப்பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, கட்டமைப்பு முறை, நீங்கள் சேர்ந்த மாதம், விலகிய மாதம், அப்போது திட்டம் இருந்த நிலை, குழுவில் எத்தனை பேர், பொறுப்பாளர் யார், நீங்கள் வரைந்த தாள்கள் எவை, எந்த மென்பொருளில் வரைந்தீர்கள், யாரோடு கூட்டங்களில் அமர்ந்தீர்கள் என்பவற்றை அரைப் பக்கத்தில் அடக்கிவிடலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து நேர்காணலில் ஒருவர் "அந்தப் பள்ளிக் கட்டடத்தின் பரப்பு எவ்வளவு?" என்று கேட்கும்போது, நினைவிலிருந்து சொல்லும் எண்ணுக்கும் குறிப்பிலிருந்து சொல்லும் எண்ணுக்கும் இடையே குரலிலேயே வேறுபாடு தெரியும். உரிமம் பெறும் பாதையில் இருப்பவர்களுக்கு இக்குறிப்பால் இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் தேர்வோடு சேர்த்து ஆறு பிரிவுகளில் மொத்தம் 3,740 மணி நேரப் பணி அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேறு பல நாடுகளிலும் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட அனுபவப் பதிவேடு கேட்கப்படுகிறது. ஒரே குறிப்பைக் கொண்டு இரு தேவைகளையும் நிறைவு செய்துகொள்ளலாம்.

கட்டுமானத் தளத்தில் எடுக்கும் படங்களைப் பெரும்பாலோர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். முடிந்த கட்டடத்தின் அழகிய முகப்பை என்றைக்கு வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். ஓடு பதிப்பதற்கு முன்பிருந்த நீர்த்தடுப்புப் படலம், கான்கிரீட் இடுவதற்கு முன்பிருந்த கம்பிக்கட்டு, பூசுவதற்கு முன்பு சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி ஆகியவற்றை ஒருமுறை தவறவிட்டால் மறுபடி பார்க்க முடியாது. நீங்கள் வரைந்த விவர வரைபடத்தை ஒரு பக்கத்திலும், அதே இடம் தளத்தில் கட்டப்படும் படத்தை எதிர்ப்பக்கத்திலும் வைத்துக் காட்டும் ஒரு விரிப்பு, மூன்றாண்டு அனுபவம் என்று எழுதும் வரியைவிட அதிகம் பேசும். படம் எடுத்த நாளையும் எடுத்த இடத்துக்குரிய வரைபட எண்ணையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். தொழிலாளர்களின் முகம் தெரியும் படங்களைத் தவிர்ப்பது நல்லது; பாதுகாப்புக் கவசம் அணியாதவர் ஒருவர் அதில் நின்றிருந்தால் பேச்சு உங்கள் வரைபடத்தை விட்டு வேறெங்கோ போய்விடும்.

அனுமதியும் பங்களிப்பும்

அலுவலக ஊழியர் பணியின் பகுதியாக வரைந்தவற்றின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பல நாடுகளின் சட்டப்படி அலுவலகத்துக்கே உரியது. விலகும் நாளன்று இரவு மொத்த சர்வரையும் வன்தட்டில் நகல் எடுத்துக்கொண்டு போவது சிலரிடம் வழக்கமாக இருந்தாலும், அது தவறானது, தேவையற்றதும்கூட. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் நெறிமுறை இந்த விஷயத்தில் இரு பக்கமும் பேசுகிறது: விலகுபவர் அனுமதியின்றி அலுவலக வரைபடங்களை எடுத்துச் செல்லக் கூடாது, இரகசியம் அல்லாத, தான் பணியாற்றிய பொருள்களின் பிரதியை விலகுபவர் கேட்டால் அலுவலகம் நியாயமின்றி மறுக்கவும் கூடாது. நீங்கள் வேறெந்த நாட்டில் இருந்தாலும், மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலை இந்த உணர்வோடு அமைக்கலாம். "இத்திட்டத்தில் நான் வரைந்த இந்த ஆறு தாள்களை என் தனிப்பட்ட போர்ட்ஃபோலியோவில், நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன்" என்று தாள் எண்களோடு கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, "என் வேலைகளையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் எவருக்கும் தயக்கம் வரும். பதிலை எழுத்தில் பெற்றுத் திட்டக் கோப்புறையிலேயே வைத்திருங்கள். பணியில் இருக்கும்போதே கட்டந்தோறும் இவ்வாறு கேட்டுவந்தால், அது விலகலின் அறிகுறியாகவும் பார்க்கப்படாது.

அலுவலகம் சம்மதித்தாலும் காட்டக் கூடாதவை உண்டு. சிறை, வங்கிப் பெட்டகம், தரவு மையம் போன்றவற்றின் தள வரைபடங்களும், இரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் கீழ் வரும் திட்டங்களும், இன்னும் அறிவிக்கப்படாத போட்டி வடிவங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை. தனியார் வீடுகளில் உரிமையாளர் பெயரையும் முகவரியையும், தாளின் ஓரத்தில் விவரங்கள் எழுதும் தலைப்புக் கட்டத்திலிருந்து நீக்க வேண்டும். தொழில்முறை ஒளிப்படக் கலைஞர் எடுத்த படமென்றால் அதன் உரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். அலுவலகத்தின் அனுமதி அதற்குப் போதாது.

அடுத்தது பங்களிப்பு. எந்தக் கட்டடமும் ஒருவர் கையால் எழுவதில்லை என்பது நேர்காணல் செய்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு திட்டத்தின் முதல் பக்கத்திலும் நிறுவனத்தின் பெயர், குழுவின் பொறுப்பாளர், உங்கள் பங்கு ஆகிய மூன்றையும் சிறிய எழுத்தில் எழுதிவிடுங்கள். "வடிவமைப்பில் உதவினேன்" என்பது எதையும் சொல்லவில்லை. "வடக்கு முகப்பின் செங்கல் திரைக்கு மூன்று மாற்று வடிவங்கள் செய்தேன், தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு விவர வரைபடங்களும் ஒப்பந்தப்புள்ளிக்கான அளவுப் பட்டியலும் நான் தயாரித்தவை, பக்கத்தில் உள்ள, கணினியில் உருவாக்கிய ரெண்டர் படம் வெளி ஸ்டுடியோ செய்தது" என்று எழுதினால் படிப்பவர் நம்பவும் முடியும், கேள்வி கேட்கவும் முடியும். கட்டடக்கலை வட்டம் சிறியது. நீங்கள் விட்டுவந்த அலுவலகத்தில் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர் எதிரே அமர்ந்திருப்பது அப்படியொன்றும் அரிதில்லை.

தன்விவரக் குறிப்பு

இதை இரண்டு நிலைகளில் வைத்திருப்பது வசதி. முதலாவது, எவருக்கும் அனுப்பாத முழு நீளக் குறிப்பு. திட்டக் குறிப்புகள் அனைத்தும், கருத்தரங்கு, போட்டி, கற்பித்தல், பயிற்சி வகுப்பு எனச் செய்தவை அனைத்தும் அதில் நாள் விவரத்தோடு சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, அதிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தக்கவாறு வெட்டி எடுக்கும் ஓரிரு பக்கங்கள். மருத்துவமனைகளைக் கட்டும் பெரிய அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஒருங்கிணைப்பு அனுபவமும் கட்டுமான ஆவணங்களும் மேலே வரவேண்டும். ஐந்து பேர் கொண்ட சிறிய ஸ்டுடியோவுக்கு, உரிமையாளரோடு நேரடியாகப் பேசியதும் தளத்துக்குத் தனியாகச் சென்றுவந்ததும் மேலே வரவேண்டும். பொய் சேர்க்காமல் வரிசையை மாற்றுவதற்கு முழு நீளக் குறிப்பு கையில் இருந்தால்தான் முடியும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் நிலையை நேர்மையாகக் குறியுங்கள்: கட்டி முடிந்தது, கட்டுமானத்தில் உள்ளது, கைவிடப்பட்டது, போட்டிக்கு அனுப்பப்பட்டது. சென்ற ஆண்டு "கட்டுமானத்தில்" என்று எழுதியது இந்த ஆண்டு முடிந்திருக்கலாம். குறிப்பு பழையது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இப்படிப்பட்ட வரிகள்தாம்.

பெயருக்குக் கீழே எழுதும் பட்டத்தில் கவனம் தேவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், பிரிட்டனில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்குகின்றன. வேறு பல நாடுகளிலும் இத்தகைய விதி உண்டு. பதிவு முடியாதவர் கட்டடக்கலைப் பட்டதாரி என்றோ, அலுவலகம் தந்த பதவிப் பெயரையோ எழுதுவது சட்டத்துக்கும் பொருந்தும், மதிப்பும் குறையாது. எழுதி முடித்த தேர்வுத் தாள்கள், எழுதவிருக்கும் தாள்கள் எனத் தேர்வு நிலையைச் சொன்னால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் விண்ணப்பித்தால், பதிவு எந்த நாட்டுடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மென்பொருள் திறமையை ஐந்து புள்ளிகளில் நான்கு என்றும், பட்டையில் எண்பது விழுக்காடு என்றும் படம் போட்டுக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். எதில் எண்பது விழுக்காடு என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. "ரெவிட்: 12,000 சதுர மீட்டர் அலுவலகக் கட்டடத்தின் மாதிரியில் கட்டமைப்பு, இயந்திரப் பொறியாளர்களின் கோப்புகளை இணைத்து மோதல் சரிபார்ப்பு செய்தேன்" என்பது போன்ற ஒரு வரி போதும். (ரெவிட் என்பது கட்டடத்தின் கணினி மாதிரியை உருவாக்கும் மென்பொருள்; மோதல் சரிபார்ப்பு என்பது குழாய், தூண் போன்றவை ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பார்ப்பது.) ஆறு ஆண்டுகளாகத் தொடாத மென்பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேர்காணலில் கணினியைத் தள்ளிவிட்டு "இதைக் கொஞ்சம் வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லும் அலுவலகங்கள் உண்டு.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் மென்பொருள் படிக்கிறது. வடிவமைப்பாளர்கள் ஆசையாகச் செய்யும் இரட்டைப் பத்தி அமைப்பும், எழுத்தைக் கோடுகளாக மாற்றி ஏற்றுமதி செய்யும் பழக்கமும் அங்கே இடறும். பிடிஎஃப் கோப்பிலிருந்து முழு உரையையும் நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல், எழுத்து சிதையாமல் வந்தால் போதும்.

போர்ட்ஃபோலியோவைப் புதுப்பித்தல்

புதிய திட்டம் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் பழையது ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தால், தொகுப்பு தானாகவே இருபது பக்கங்களுக்குள் நிற்கும். எடுத்துவிடுவது கடினம், இரவுகள் விழித்துச் செய்த இறுதியாண்டுத் திட்டத்தை நீக்க எவருக்கும் மனம் வராது. இருந்தாலும், நான்கைந்து ஆண்டுப் பணிக்குப் பிறகு மாணவர் காலத் திட்டம் ஒன்றுக்கு மேல் இருந்தால், அலுவலகத்தில் எதுவும் செய்யவில்லையோ என்ற ஐயம் எழும். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு இது பொருந்தாது. அவருக்கு மாணவர் திட்டங்களே முதன்மை, பயிற்சிப் பணியில் வரைந்த ஓரிரு கட்டுமானத் தாள்கள் அவற்றுக்கு வலுச் சேர்க்கும்.

பளபளக்கும் ரெண்டர் படங்களால் மட்டும் பக்கங்களை நிரப்புவது பரவலான பலவீனம். கருத்து வரைவு, கையால் செய்த மாதிரி, தள வரைபடம், கட்டடத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றம், சுவரின் விவரம், கட்டுமானப் படம் என ஒரு திட்டமாவது தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்து வரவேண்டும். நல்ல வெட்டுத்தோற்றம் ஒன்றைப் பார்த்தே வரைந்தவர் கட்டடத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்று மதிப்பிடும் மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கும் அதே கருத்துதான்.

கட்டுமானத் தாள்களைத் தொகுப்புக்கு மாற்றும்போது அளவில் பிழை நேர்வது வெகு சாதாரணம். ஏ1 தாளில் 1:100 அளவில் வரைந்ததை ஏ3 தாளுக்குச் சுருக்கினால் அது 1:200 ஆகிவிடுகிறது; ஏ4 தாளுக்குச் சுருக்கினால் எந்த அளவுகோலிலும் இல்லாத 1:283 ஆகிறது. தலைப்புக் கட்டத்தில் பழைய விகிதம் அப்படியே நின்றால், கவனமுள்ள வாசகர் அதைப் பிழையென்றே எடுத்துக்கொள்வார். எண்ணை நீக்கிவிட்டு, வரைபடத்தோடு சேர்ந்தே சுருங்கும் அளவுப் பட்டை ஒன்றை இட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கோட்டின் தடிமனும் இவ்வாறே சுருங்கும். ஏ1 தாளில் 0.25 மில்லிமீட்டர் இருந்த கோடு ஏ4 தாளில் 0.09 மில்லிமீட்டராகி மறையும் நிலைக்கு வரும், 2.5 மில்லிமீட்டர் எழுத்து 0.9 மில்லிமீட்டருக்கும் கீழே போய் அழுக்குப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே சுருக்கி ஒட்டுவதைவிட, பரிமாணக் கோடுகளையும் குறியீடுகளையும் அணைத்துவிட்டு, புதிய கோட்டுத் தடிமனோடு மறுபடி ஏற்றுமதி செய்வதே சரி. மூலக் கோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் காலத்திலேயே இதைச் செய்தாக வேண்டும். கட்டுமானத் தாளை அதன் இயல்பான அடர்த்தியோடு காட்ட விரும்பினால், முழுத் தாளைச் சிறு படமாக ஒரு மூலையிலும், அதில் ஒரு பகுதியை உண்மையான அளவில் பக்கம் முழுவதும் வைத்தும் காட்டலாம்.

கோப்புகளின் ஆயுள்

ரெவிட் கோப்பைப் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பல நிறுவனங்கள் மாறிவரும்போது எந்தப் பதிப்பு கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. எனவே மூலக் கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வரைபடத்துக்கும் கோடுகள் கோடுகளாகவே நிற்கும் பிடிஎஃப் பிரதி ஒன்றும், ஒவ்வொரு படத்துக்கும் முழுத் தெளிவுள்ள பிரதி ஒன்றும் இருக்கட்டும். பக்கங்களை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைப்பவர்கள் எழுத்துருக்களையும் இணைத்த படங்களையும் சேர்த்துக் கட்டும் பேக்கேஜ் வசதியை ஆண்டுக்கு இருமுறையேனும் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் கணினி மாறியதும் பக்கங்கள் முழுவதும் காணாமல்போன படங்களின் எச்சரிக்கைக் குறிகள் நிற்கும். காப்புப் பிரதிகள் இரண்டில் ஒன்றாவது அலுவலகக் கணக்கோடு தொடர்பில்லாத இடத்தில் இருக்க வேண்டும்.

சான்றுகள், பரிந்துரையாளர், கடிதம்

பதிவு, தொழில்முறைக் காப்பீடு, பயிற்சிச் சான்று ஆகியவை காலாவதியாகும் நாள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, இரண்டு மாதம் முன்னதாக நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பசுமைக் கட்டட அறிவுக்குத் தரப்படும் லீட் சான்று போன்றவை ஒருமுறை பெற்றால் நிலைத்திருப்பவை அல்ல. லீட் சான்றின் தொடக்கமான கிரீன் அசோசியேட் நிலைக்கு இரண்டாண்டுக்கு 15 மணி நேரமும், அதற்கு மேல் சிறப்புத் துறையோடு கூடிய நிலைக்கு 30 மணி நேரமும் தொடர்கல்வி முடித்தால்தான் புதுப்பிக்க முடியும். காலாவதியானதைக் குறிப்பில் விட்டுவைப்பது, எளிதில் சரிபார்க்கக்கூடிய பொய்யாகிவிடும்.

பரிந்துரையாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டு வரி எழுதுங்கள். அவர்களும் வேலை மாறுகிறார்கள், மின்னஞ்சல் மாறுகிறது. விண்ணப்பம் அனுப்பும் முன், எந்த வேலைக்கு என்பதையும் எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்கப்படலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். தற்போதைய மேலாளரின் பெயரை அவர் அறியாமல் கொடுப்பது எவ்வகையிலும் முறையாகாது.

விண்ணப்பக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது, எழுதி வைக்கவும் கூடாது. திட்டத்துக்கொன்றாக நான்கு வரிப் பத்திகளைச் சேர்த்து வைத்திருந்து, அந்த அலுவலகத்தின் எந்தக் கட்டடம் உங்களை விண்ணப்பிக்கத் தூண்டியது என்பதை மட்டும் அன்றன்று புதிதாக எழுதலாம். அந்த ஒரு பத்திக்காக அவர்கள் கட்டியவற்றை உண்மையாகவே பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அனுப்பும் முன்பும் பின்பும்

திரைக்கான பிரதியையும் அச்சுக்கான பிரதியையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். திரைக்கு 150 போதும், படங்களின் எடையும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். ஜிமெயில் 25 மெகாபைட் வரை அனுமதித்தாலும், இணைப்பு மின்னஞ்சலில் பயணிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது, பெறும் அலுவலகத்தின் வரம்பும் அதைவிடக் குறைவாக இருக்கலாம். மாதிரித் தாள்களை 5 மெகாபைட்டுக்குள்ளும், முழுத் தொகுப்பை 15 மெகாபைட்டுக்குள்ளும் அடக்குவது பாதுகாப்பானது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை கைப்பேசியில் திறந்து பாருங்கள், ஒருமுறை கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். முதல் வடிகட்டலைச் செய்பவர் பயணத்தில் கைப்பேசியில் பார்க்கக்கூடும், நேர்காணல் குழுவினர் கையில் அலுவலகத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் இருக்கக்கூடும். தன்விவரக் குறிப்பு, போர்ட்ஃபோலியோ, இணையத்தில் உள்ள உங்கள் பக்கம், லிங்க்ட்இன் ஆகிய நான்கிலும் மாதங்களும் பதவிப் பெயர்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடவும் மறக்க வேண்டாம்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயர், ஆவணத்தின் வகை, ஆண்டும் மாதமும் இருக்கட்டும். "இறுதி", "இறுதி புதியது" என்று பெயரிடும் வழக்கம் உங்களையே குழப்பும். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், எந்தப் பிரதி சென்றது என்ற பதிவோடு, அனுப்பிய கோப்பையும் மாற்றாமல் ஒரு தனிக் கோப்புறையில் வைத்துவிடுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வர மாதங்கள் ஆகலாம், அதற்குள் தொகுப்பு இருமுறை மாறியிருக்கலாம். உள்ளே போகும் முன் நீங்கள் படிக்க வேண்டியது அவர்கள் மேசையில் இருக்கும் அந்தப் பழைய பிரதியை. அதன் பிறகு முடிந்த பணிகளை இரண்டு தனித் தாள்களாக அச்சிட்டுக் கையோடு கொண்டுபோகலாம்.